தளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே

பார்ஜ்
9.1.2024

அன்புள்ள எழிலுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் பாப்பா சுபஸ்ரீயும் எப்படி இருக்கிறீர்கள்? பனிக்கு உன் அப்பாவின் மூட்டுவலி கூடியிருக்குமே, தைலம் தேய்க்கிறாரா?

ஏறிய அன்றே கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். எண்ணெய் ஆவிக்கு ஆகாதாம். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவன் எதையோ படம் பிடித்து வெளியே அனுப்பியதுதான் காரணம் என்று சிவசங்கர் சொல்கிறான். அவன் எலவனாசூர்கோட்டைக்காரன், எனக்கு மாற்று ஷிப்ட். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் மூன்று நிமிடம் ஆபீஸ் போனில் பேசலாம். சூப்பரின்டெண்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சென்னையில் படித்தவர், தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. அதனால் மனசில் இருப்பதைக் கடிதத்தில் எழுது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சாமான் படகு வரும், அதில்தான் கடிதம் வரத்துப்போக்கு.

பார்ஜ் என்றால் கப்பல் என்று நினைக்காதே. தானாக நகராத இரும்புத் தெப்பம். இந்த வெளிநாட்டு ஆற்றுமுகத்தில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நான்கு டீசல் இன்ஜின்கள், ஒவ்வொன்றும் இரண்டு லாரி நீளம். நம் கிணற்று மேட்டு ஆயில் இன்ஜினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள். இங்கிருந்து கம்பி வழியாகக் கரைக்குக் கரண்ட் போகிறது. எதிரே தெரிகிற ஊர் முழுக்க நாங்கள் கொடுக்கிற வெளிச்சம்தான்.

வேலை சுலபம். காலையில் தளத்துக்குக் கீழே இருக்கிற அறைகளில் அளவுக் கம்பியை விட்டு, தண்ணீர் கசிந்திருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். காய்ந்திருக்கிறது என்று ஒரே வார்த்தை. அதை நம்பி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடம் உன் அப்பா வீட்டில் உட்கார்ந்து, டீக்கடையில் போகிறவன் வருகிறவனெல்லாம் "வூட்டோட மாப்ள, இன்னா சமையல் இன்னிக்கி?" என்று கேட்டதை நினைத்தால், இது பெரிய உத்தியோகம்தான்.

சாப்பாடு பரவாயில்லை. ரசம் ஊற்றினால் தட்டில் எப்போதும் இடப்பக்கமே ஓடுகிறது. நான் இடது கைக்காரனாகப் பிறந்திருக்கலாம்.

பாப்பாவுக்கு முத்தம்.

உன்
சின்னராசு

*

வடக்கனந்தல்
30.1.2024

அன்பு மாமாவுக்கு எழில் எழுதுவது.

நாங்கள் மூவரும் சுகம். அப்பாவுக்கு வலி குறையவில்லை, சாரம் ஏற முடியவில்லை. அதனால் சைட்டுகளை நான்தான் பார்க்கிறேன். முன்பு "ராமசாமி மேஸ்திரி மவ" என்றவர்கள் இப்போது "எழில் மேஸ்திரி" என்கிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டேதான். நீங்கள் குளிர்ந்த தண்ணீரில் தலை குளிக்காதீர்கள், சளி பிடிக்கும்.

ரசத்தை விளையாட்டாக எழுதிவிட்டீர்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்றால் அந்தத் தளம் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. வீட்டில் இறங்கினால் விரிசல் காட்டிக் கொடுக்கும். இரும்பு காட்டாது.

டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூப் லெவல் தெரியுமில்லையா? நம் கல்யாணத்துக்கு முன்னால் சைட்டுக்கு என்னைப் பார்க்க வந்து, மறுமுனையைப் பிடிக்கிறேன் என்று பிடித்துச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டீர்களே, அதேதான். எண்ணெய் டேங்க்கில் மாட்டுகிற, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஸ்டோரில் இருக்கும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். இடது ஓரத்தில் நீங்கள், வலது ஓரத்தில் சிவசங்கர். தளத்திலிருந்து டியூப் தண்ணீர் எத்தனை உயரத்தில் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். விரல்கடைக் கணக்கு போதும்.

இதைச் செய்யாமல் அடுத்த கடிதம் போடாதீர்கள்.

எழில்

*

பார்ஜ்
21.2.2024

அன்புள்ள எழில் மேஸ்திரிக்கு,

சுகம். உங்கள் எல்லோர் சுகத்துக்கும் கடிதம் போடு.

உத்தரவுப்படி அளந்தோம். இரண்டு இன்ஜின் நின்றிருந்த நேரம் பார்த்துச் செய்தோம், இல்லாவிட்டால் அதிர்ச்சியில் டியூப் தண்ணீர் நிலைகொள்ளாது. அறுபதடி அகலத்தில் இடப்பக்கம் நான்கு விரல் இறக்கம். சிவசங்கர் சிரித்தான். "அண்ணி அங்கருந்தே கப்பலக் கட்றாங்கடா சாமி" என்றான்.

பயப்படாதே. இடப்பக்கம் எண்ணெய் டேங்க் நிறைந்திருந்தால் கொஞ்சம் சாயும். சாதாரணம்தான்.

இங்கே வெயில் நம் சித்திரை மாதிரி. இனிமேல் ரசம் ஊற்றிக்கொள்வதில்லை, மோர்தான்.

பாப்பா கணக்கில் எத்தனை மார்க்?

சின்னராசு

*

வடக்கனந்தல்
12.3.2024

அன்பு மாமாவுக்கு,

சுகம். பாப்பா கணக்கில் எண்பத்தாறு. உங்கள் கணக்கில் நான் போடுவது பூஜ்யம்.

டேங்க் எண்ணெயால் சாய்ந்திருந்தால் எண்ணெய் தீர்ந்ததும் நிமிர வேண்டும். நிமிர்ந்ததா? அதை எழுதவே இல்லையே. எண்ணெய் நிரப்பிய அன்றைக்கு அளங்கள், அடுத்த தடவை நிரப்பிய அன்றைக்கும் அளங்கள். அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும்.

காலையில் கம்பி விட்டுப் பார்க்கிறீர்களே, அந்தக் கம்பி நனைகிறதா? இரண்டு கடிதத்திலும் அந்த ஒரு வரி இல்லை.

உங்கள் விடுப்பு முறை எப்போது வருகிறது? சரியில்லை என்றால் முறைக்குக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள். டீக்கடையில் யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

எழில்

*

பார்ஜ்
2.4.2024

அன்புள்ள எழிலுக்கு,

நலம். நல்ல சேதியோடு எழுதுகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, மார்ச் பத்தாம் தேதி எண்ணெய் நிரப்பியபோது அளந்திருந்தோம், ஆறு விரல் இறக்கம்.  மார்ச் இருபத்தெட்டு, அடுத்த தடவை நிரப்பிய அன்று, மறுபடி அளந்தோம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு. முடி இழை வித்தியாசம் இல்லை. இரண்டு தடவை பார்த்தோம், ஆள் மாறி நின்றும் பார்த்தோம். மட்டம் சரியாக இருக்கிறது.

இனிமேல் நிம்மதியாகத் தூங்கு. மோரும் தட்டில் நடுவிலேயே நிற்கிறது.

மே மாதம் ஒருவருக்கு விடுப்பு உண்டு. என் பெயர்தான் முதலில் இருக்கிறது. பார்க்கலாம்.

சின்னராசு

*

வடக்கனந்தல்
20.4.2024

என் அன்பு மாமாவுக்கு,

நாங்கள் சுகம், சுகம், சுகம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சைட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். சித்தாள்கள் நான் முழுகாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நீங்கள் ஊரில் இல்லாமல் எப்படியாம்! அவர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை.

மட்டம் சரியாக இருக்கிறது என்றால் சரிதான். டியூப் பொய் சொல்லாது. அதில் நிற்கிற தண்ணீருக்கு யாரிடமும் வேலை ஆக வேண்டியதில்லை.

நான் பயமுறுத்தியதை நினைத்து அவசரப்பட்டு வர வேண்டாம். விடுப்பு மேயில் வந்தாலும் ஆடியில் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். நல்ல பெயரோடு இருந்துவிட்டு வாருங்கள். அங்கே உங்களுக்குக் கிடைத்திருக்கிற மரியாதை எனக்கும் பெருமைதான்.

அடுத்த வாரம் வெள்ளிமலைக்குப் போகிறேன், தண்ணீர்த் தொட்டிக்கு மேடை கட்டுகிற வேலை. அங்கே சிக்னல் கிடையாது. உங்கள் நிலைமைதான் எனக்கும்.

உங்கள்
எழில்

*

வெள்ளிமலை
6.5.2024

மாமா,

சுகம் கேட்க நேரமில்லை. கீழே இறங்குகிற ஜீப் காத்திருக்கிறது, அதில் இதைக் கொடுத்துவிட வேண்டும்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

இங்கே போன வருடம் வேறு யாரோ கட்டிய ஒரு மேடை இருக்கிறது. அதன்மேல் டியூப் போட்டுப் பார்த்தேன், நான்கு மூலையும் ஒரே மட்டம். நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டே கீழே குனிந்தேன். குழாய்க்கு அடியில் குடம் வைக்க இடமில்லை. குழாய் மூக்கு மண்ணை இடிக்கிறது. பக்கத்தில் நின்ற அம்மா சொல்கிறாள், "போன மழைக்கி அப்படியே அமுந்திடுச்சி கண்ணு, சாயவே இல்ல."

புரிகிறதா? மேடை முழுசும் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. டியூப் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடுதான் ஒப்பிடும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் அதற்குத் தெரியாது. எனக்குத் தரை அசையாது என்கிற நினைப்பு. அந்த நினைப்பிலேயே மிதக்கிற இரும்புக்கு மட்டம் பார்க்கச் சொன்னேன்.

ஆறு விரல் சாய்ந்தது பதினெட்டு நாளில் தானாக நிமிராது. மறுபக்கமும் கனம் ஏறியிருந்தால்தான் நிமிரும்.

தளத்தின் ஓரத்திலிருந்து ஆற்றுத் தண்ணீருக்கு எத்தனை சாண்? ஆறு ஏறினாலும் இறங்கினாலும் பார்ஜும் கூடவே ஏறி இறங்கும், அந்த இடைவெளி மட்டும் குறையக் கூடாது. கயிற்றில் கல்லைக் கட்டி அளங்கள். ஏறிய புதிதில் எவ்வளவு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் அன்றைக்கே இறங்குங்கள். விடுப்பில் உங்கள் பெயர்தானே முதலில். வந்துவிடுங்கள் மாமா.

எழில்

*

பார்ஜ்
9.5.2024

அன்புள்ள எழிலுக்கு,

சுகம். நீ டீ வாங்கிக் கொடுத்த கடிதம் இன்றுதான் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். நல்ல பெயரோடு இருந்துவிட்டு வாருங்கள் என்று நீ எழுதிய பிறகு எனக்கு வேறென்ன வேண்டும்?

விடுப்பு விஷயம். சிவசங்கர் மனைவி சந்தியாவுக்கு இது எட்டாம் மாதம், தலைச்சன். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் போனால் மாற்று ஆள் வரும்வரை இன்னொருவர் இருந்தாக வேண்டும். நீயும் ஆடியில் வந்தாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டாய். அவனை அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடுகிறேன்.

அவன் ஏதாவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வீட்டு நினைப்பில் கொஞ்சம் குழம்பிப் போயிருக்கிறான்.

பாப்பாவுக்கு ஒரு பென்சில் பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

சின்னராசு

*

வடக்கனந்தல்
1.6.2024

மாமா,

பாப்பா சுகம். அப்பா சுகம். நான் சுகமாக இல்லை.

சிவசங்கர் மே இருபத்தைந்தாம் தேதி வந்தார். பென்சில் பெட்டியையும் கடிதத்தையும் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றார். நான் கடிதத்தைப் படித்ததும் அவருக்கே தாங்கவில்லை.

"அண்ணி, மொதல் முறை அவருக்குத்தான். நாந்தான் கையில கால்ல வுழுந்து வாங்கிக்கினு வந்துட்டேன்."

"அது கெடக்கட்டும். கப்பலு எப்படி நிமுந்துச்சி?"

"அது... வலப்பக்கம் காலி ரூம்பு இருக்குது அண்ணி. அதுல ஆத்துத் தண்ணிய வுட்டாங்க. கனத்துக்குக் கனம் சரியாப் போச்சி."

"இடப்பக்கம் தண்ணி இருக்குதா அப்ப?"

"ஜாஸ்தி. பம்ப்பு வெச்சி எறைச்சாலும் கம்மி ஆவல."

"வலப்பக்கத்து வால்வ யாரு தெறந்தாங்க?"

மாமா, அந்த ஆள் உடனே டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன். "எல்லாம் நல்லா இருக்குது, நீ எப்படி இருக்கற?" என்றீர்கள். அந்தச் சூப்பரின்டெண்ட் பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும் என்று கேட்டேன். "தளத்துக்கும் தண்ணிக்கும் எத்தினி சாண் மாமா?" லைன் கட்டாகிவிட்டது. நீங்கள் வைத்தீர்களா, அவர் வைத்தாரா?

ஆறு நாள் ஆகிறது. கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டால், நோட்டில் எல்லாம் காய்ந்திருக்கிறது என்றுதான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் அம்மா என்கிறார்கள். அந்த நோட்டில் எழுதுகிற கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கவலைப்படுகிறேன்.

நீங்கள் அங்கே நிற்பதற்கு நான்தான் காரணம். மட்டம் சரி, இருந்துவிட்டு வாருங்கள் என்று என் கையால் எழுதினேன். அந்தக் கையை உடைத்துப் போடலாம் போல இருக்கிறது.

யார் திறந்தது? எனக்கு அது தெரிய வேண்டும். அதைவிட, நீங்கள் இறங்க வேண்டும்.

எழில்

*

கரை
15.6.2024

எழில்,

துறைமுக ஆள் ஒருவரின் போனில் ஐந்தாம் தேதி ஒரு நிமிடம் பேசினேன். "கரைக்கி வந்துட்டேன்" என்று சொன்னேன்.  மீதியைப் போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பாப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு படி.

யார் திறந்தது என்று நீ கேட்ட கடிதம் இங்கே கரைக்கே வந்து சேர்ந்தது. வால்வைத் திறந்தது நான்.

ஜனவரியிலிருந்தே கம்பி நனைந்துதான் வந்தது. நோட்டில் தண்ணீர் என்று எழுதினால் இன்ஜின்களை நிறுத்தி, பார்ஜை இழுத்துப் போய் ரிப்பேருக்குப் போடுவார்கள், ஆறு மாதம் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சூப்பரின்டெண்ட் சொன்னார். எனக்கு அந்த டீக்கடைதான் கண்ணில் தெரிந்தது. காய்ந்திருக்கிறது என்று எழுதினேன். தினமும் எழுதினேன்.

வலப்பக்கம் தண்ணீர் விடச் சொன்னது அவர். விட்டது நான். மறுநாளே சிவசங்கரைக் கூப்பிட்டு டியூபைப் பிடிக்கச் சொல்லி அளந்து, உனக்கு எழுதினேன். உன்னைச் சமாதானப்படுத்த அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீ தப்பாகச் சொல்லவில்லை எழில். நான் செய்த மட்டத்தைத்தான் உனக்குக் காட்டினேன்.

உன் வெள்ளிமலைக் கடிதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்பே என் தலையணைக்கு அடியில் இருந்தது. படித்தேன். அளக்கவில்லை. அளந்தால் தெரிந்துவிடுமே என்று பயம். போனில் நீ கேட்டதும் அவர் கட் பண்ணினார். "சாண் என்றால் என்ன?" என்று என்னைக் கேட்டார். நான் வெளியே போய்த் தளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். ஏறிய புதிதில் முகம் கழுவக் கயிற்றில் வாளி விட்டுத் தண்ணீர் எடுப்போம், ஏழு சாண் கயிறு. இப்போது என் விரல் தண்ணீரில் நனைந்தது.

மறுநாள் நோட்டில் தண்ணீர் என்று எழுதினேன். அவர் அந்தத் தாளைக் கிழித்தார். அடுத்த நாளும் எழுதினேன், கிழித்தார். ஒரு வாரம் இப்படியே போனது. அந்தப் பக்கம் வந்த மீன் படகுக்காரனிடம் சொன்னேன், துறைமுகத்தில் சொல்லச் சொன்னேன், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, அவர்கள் எதற்கு வருவார்கள்?

ஜூன் நாலாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு என் ஷிப்டில் நான்கு இன்ஜினையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.  ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் சத்தமில்லை. அடியறையில் தண்ணீர் சளசளப்பது எல்லோர் காதிலும் விழுந்தது. சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். சூப்பரின்டெண்ட் என் சட்டையைப் பிடித்தார், அப்புறம் அவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார், விட்டுவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் துறைமுக அதிகாரிகள் படகில் வந்தார்கள், ஊருக்குக் கரண்டை நிறுத்தியவன் எவன் என்று கேட்டுக்கொண்டே. அடியறை மூடியைத் திறந்து காட்டினேன். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேரையும் இறக்கிவிட்டார்கள். கைப்பேசிப் பெட்டியை எடுக்கக்கூட யாரையும் திரும்ப விடவில்லை.

நேற்று மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்ஜ் போய்விட்டது. சாயவில்லை. நாங்கள் படுத்துத் தூங்கிய இடமெல்லாம் நேராக, மட்டமாக, அப்படியே உள்ளே இறங்கியது. புகைபோக்கி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

விசாரணை நடக்கிறது. ஐந்து மாதம் பொய் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன், யார் சொல்லி எழுதினேன் என்பதையும் சொன்னேன். முடிந்ததும் ஊருக்கு அனுப்புவார்களாம். நல்ல பெயரோடு வரச் சொன்னாய். அது இல்லை.

நான் வரலாமா?

சின்னராசு

*

வடக்கனந்தல்
4.7.2024

மாமா,

பாப்பாவுக்குப் பல் ஒன்று விழுந்திருக்கிறது, வேறு குறையில்லை. அப்பா சுகம். நானும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

வால்வைத் திறந்தது நீங்கள்தான் என்று சிவசங்கர் டம்ளரைக் கீழே வைத்தபோதே எனக்குத் தெரியும். உங்கள் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டேன். ஒரு மாதம் என் கையை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு உங்கள்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை, சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை. டீக்கடைக்காரன் கேட்ட கேள்வி உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது. நான் கேட்டது சின்னதாகப் போய்விட்டது. வந்த பிறகு அதை நேரில் வைத்துக்கொள்வோம். திட்டுவதற்கு ஆள் முழுசாக வேண்டும், அந்த மட்டில் சாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டேன்.

சந்தியாவுக்கு ஆண் குழந்தை. சிவசங்கர் வந்து, நீங்கள் இறங்கியதைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்.

ஏரிக்கரைப் பக்கம் உள்ள நம் மூன்று சென்ட்டில் கடைக்கால் தோண்டியாகிவிட்டது. சின்ன வீடுதான். மாப்பிள்ளை வீடா, மேஸ்திரி வீடா என்று ஊர் பேசிக்கொள்ளட்டும். போன திங்கட்கிழமையே மட்டம் பார்த்துக் கயிறு கட்டியிருக்க வேண்டும். சித்தாளை டியூப் பிடிக்கச் சொல்லலாம்தான். சொல்லவில்லை. வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

டியூபின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதை உள்ளபடி சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று என் முகத்தைப் பார்க்கக் கூடாது.

சட்டை நனைந்தால் பரவாயில்லை. வாருங்கள்.

எழில்